பெற்றுக்கொள்பவரின் வயது

மைனி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை என்று யாரும் இல்லை.

எந்த ஊரிலும் இல்லை. அத்தை நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இரண்டாந்தாரமாகவும் இல்லை, முதல் தாரமாகவும் இல்லை. உங்கள் பங்குக் கோயில் ஆபீஸுக்குப் போய் உங்களுடைய ஞானஸ்நான சர்டிபிகேட்டை வாங்கினது நான்தான், அது நிஜம். ஆனால் கல்யாணத்துக்காக வாங்கவில்லை. பேங்குக்காக வாங்கினேன். என் எஃப்.டி. ஃபாரத்தில் உங்கள் பேரை எழுத வேண்டியிருந்தது. பேருக்குப் பக்கத்தில் வயசும் எழுத வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானிலிருந்து இத்தனையும் கிளம்பிவிட்டது.

இதோடு மடித்துக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். கரண்ட் பில்லின் பின்பக்கத்தைக்கூட வரி விடாமல் படிக்கிறவர் நீங்கள். இதையும் கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள். கோபம் வரும், வரட்டும். வந்தாலும் படியுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கழுத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தைராய்டில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை மைனி. சின்ன ஆபரேஷன்தான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம், வாரத்துக்கு நாலு செய்கிறேன் என்கிறார். வாரத்துக்கு நாலு அவருக்கு. எனக்கு ஒன்றுதானே? சம்மதக் கையெழுத்துக்கு ஒரு பேப்பர் கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்தைப் போட்டு நீட்டுகிறார்கள். நான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. கான்வென்டில் சிஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் பழக்கி வைத்தார்கள், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் அடிக்குக் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறவள் என்று. அந்தப் பேப்பரில் என்னென்ன ஆகலாம் என்று இருந்ததெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற டப்பாவில் எல்லாம் பேர் எழுதி ஒட்டிக்கொண்டே இருக்கிறேன். உப்பு, சீனி, ரவை, ஈவாவுக்கு மட்டும் தருகிற ராகி மாவு. உங்கள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஏன்ட்டி, எனக்கு உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று சிரித்தார். தெரியும். உப்பும் சீனியும் தெரியும். நான் பயந்தது அதற்கில்லை.

எங்கள் எதிர் வீட்டுச் செண்பகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஈவாவின் முதல் பிறந்தநாளுக்குப் பாயசம் கிண்டினாளே, அவள்தான். மாசியில் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். முப்பத்தாறு வயசு. அவர் கணக்கில் நாமினி என்று யாரையுமே போடவில்லை. கணக்கு ஆரம்பித்த அன்றைக்கு ஃபாரத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. செண்பகம் தாலுகா ஆபீஸுக்கு வாரிசுச் சான்றிதழுக்காக நடந்தாள். மாமனார் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஏழு மாசம் மைனி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு மாசம். ஒரு நாள் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "யக்கா, அவுக செத்ததைக் கூடத் தாங்கிட்டேன். செத்துப்போனாகன்னு நிரூபிக்கதுதான் தாங்கல."

அடுத்த நாளே நான் என் பேங்குக்குப் போனேன்.

அந்த எஃப்.டி. எங்கள் அப்பா வேலையில் இருக்கும்போதே தவறினதற்கு வந்த பணத்தில் என் பங்கு. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாமினியாக எங்கள் அம்மா பேர் இருந்தது. அதை மாற்றி ஈவா பேரைப் போடலாம் என்று போனேன். கவுண்டரில் கோமதி மேடம் என்று ஒருத்தர். நல்ல மாதிரி, ஆனால் அவசரம்.

"நாமினி யாரும்மா?"

"என் பொண்ணு மேடம். இவதான்."

ஈவா அவர்கள் கொடுத்த டோக்கனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மைனரால்லா இருக்கா. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்காகப் பணத்தை வாங்கிக்க ஒரு பெரிய ஆள் வேணும். கீழ இந்தக் கட்டத்துல எழுதுங்க. பேரு, வயசு, விலாசம். வீட்டுக்காரர் இருக்காருல்லா?"

"இருக்காங்க."

"பொறவு என்ன? அவர் பேரைப் போட்டுக் குடுங்க. பின்னால ஆள் நிக்காங்க."

நான் போடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தப் பெரிய ஆளின் கையெழுத்து வேண்டுமா? வேண்டாமாம். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் ஃபாரம் செல்லுமாம். அவர் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டால்?

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அது பிள்ளையோட பணம். செலவழிக்கக் கூடாது. ஆனா நாங்க பின்னாலயே நடந்து போயிப் பாக்க முடியாதும்மா. கோர்ட்டுக்குப் போலாம். யாரு போவா? இவளா போவா? அதுக்குத்தான் சொல்லுதேன், மனசுக்குள்ள ஒரு ஆளு இருப்பாங்கல்லா, அவங்களப் போடுங்க. அழுற ஆளப் போடாதீங்க. யாராவது வந்து அழுதா குடுத்துருவாங்க."

யார் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்பது வேறே சங்கதியாம். அதற்கு உயில் எழுத வேண்டுமாம். நாமினியும் இந்தப் பெரிய ஆளும் வாங்குகிற கை மட்டும்தானாம். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாலும் சாயங்காலத்துக்குள் உங்கள் தம்பிக்குத் தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் பெண்டாட்டி உயில் எழுதினாள் என்றால் அவர் அன்றைக்கே பாதி செத்துப்போவார். அதனால் முதலில் இந்தக் கை மட்டுமாவது சரியாக இருக்கட்டும் என்று ஃபாரத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் உங்கள் தம்பி ஜெரால்டு பேர் இல்லை என்று கேட்பீர்கள். எனக்கு அவர் மேல் சந்தேகம் எதுவும் கிடையாது மைனி. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் தங்கமான மனுஷன். தங்கம் என்பதால்தான் ஊர் எல்லாம் அவரை அடகு வைக்கிறது. ஷோரூமில் அவருக்குக் கீழே இருந்த மெக்கானிக்குக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார், அவன் ஓடிவிட்டான், இரண்டு வருஷம் இவர் சம்பளத்தில் பிடித்தார்கள். ஈவாவின் கொலுசை அவர் கூட்டாளி ஆஸ்பத்திரிச் செலவு என்று வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது திரும்பி வரும்போது ஈவா கால் பெரிதாகிவிட்டது. யாராவது கண்ணைத் துடைத்தால் போதும், இவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. இந்த எஃப்.டி.யையும் ஒரு தரம் கேட்டார். யாருக்கோ லேத்துப் பட்டறை வைக்க. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. நான் இருக்கிறேன், அதனால் கேட்கவில்லை. நான் இல்லையென்றால் யாரிடம் கேட்பார்? அவரையேதான் கேட்டுக்கொள்வார். அவரும் உடனே சரி என்று சொல்லிவிடுவார்.

என் தம்பி அன்டோ? அவனுக்கு எந்தச் சீட்டைப் பார்த்தாலும் சேர வேண்டும். எங்கள் அம்மா? அம்மா கைக்கு வருவது அன்டோ கைக்கு வந்த மாதிரிதான். அத்தை? அத்தையைப் பற்றி நான் ஒன்றும் எழுதமாட்டேன். ஈவாவின் ஞானத்தாய் ஷைனி குவைத்தில் இருக்கிறாள். அவளுக்கு அங்கேயே ஆயிரம் பாடு.

ஷைனி என்று எழுதினதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். ஈவாவின் ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தாயாக நீங்கள் நிற்க வேண்டும் என்று உங்கள் தம்பி ஆசைப்பட்டார். நீங்கள் அதற்காகப் பட்டுச்சேலைகூட எடுத்துவிட்டீர்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை மைனி. எங்கள் அம்மா சொன்னாள். கல்யாணம் அமையாதவள் கையில் தலைப்பிள்ளையைக் கொடுத்து நிற்க வைக்காதே என்றாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிள்ளை பெற்ற உடம்பு, அம்மாவோடு சண்டை போடத் தெம்பில்லை. அவ்வளவுதான். ஷைனி சிநேகிதி, பக்கத்தில் இருந்தாள், நின்றாள்.

ஆனால் அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மொய்க்கவர் ஒவ்வொன்றையும் வாங்கி நோட்டில் எழுதினீர்கள். சாயங்காலம் மோதிரம், கவர், வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் என் மடியில் வைத்து, நோட்டை நீட்டி அடியில் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"கையெழுத்தா? வீட்டு ஆள்கிட்டயா மைனி?" என்று கேட்டேன்.

"வீட்டு ஆள்கிட்டதான் வாங்கணும். வெளியாள்னா நான் கைநீட்டி வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றீர்கள்.

அன்றைக்கு நான் குளியலறையில் போய் அழுதேன். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதி எழுதி இவளும் ஐஸ்கட்டி ஆகிவிட்டாள் என்று ஷைனியிடம் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள், இதையும் சொல்லிவிடுவதுதான் நல்லது. இரண்டு வருஷமாக எனக்கு உங்கள் மேல் அந்த வருத்தம்தான்.

ஆனால் பாருங்கள், ஃபாரத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த நோட்டுதான். ஜெரால்டு ஜாமீன் விஷயமாக உங்களிடம் வந்து அழுதபோது நீங்கள் சோறு போட்டு, மீன்குழம்பு ஊற்றி, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்து, "பணம் தரமாட்டேன்டா" என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர் வீட்டுக்கு வந்து, "அவளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இல்ல" என்றார். நானும் ஆமாம் போட்டேன். இப்போது யோசித்தால், என் பிள்ளைக்கு அந்த மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. அதோடு உங்களுக்கென்று பிள்ளையா குட்டியா? நாளைக்கு இந்தப் பணத்தைத் திருப்பிவிட உங்களுக்கு ஆள் கிடையாது. எல்லா விதத்திலும் நீங்கள்தான் பொருத்தம். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சரி. பேர் எழுதினேன். பிளாரன்ஸ். விலாசம் எழுதினேன். வயசு?

உங்கள் தம்பியிடம் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன். "பெரியவளுக்கா? நாப்பது இருக்கும். முப்பத்தெட்டோ? எனக்கெங்க தெரியும், அம்மா ஒவ்வொரு தரகர்ட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கா" என்றார். அத்தைக்குப் போன் போட்டேன். "எதுக்குக் கேக்க?" என்றார்கள். "சும்மாதான் அத்தை" என்றேன். "முப்பத்தி நாலு" என்றார்கள், மூச்சு விடாமல். என் கல்யாணத்தின்போதும் முப்பத்தி நாலுதான். உங்கள் தம்பிக்கு இந்த ஆவணியில் முப்பத்தைந்து முடிந்தது. அத்தை கணக்குப்படி இப்போது நீங்கள் அவருக்குத் தங்கச்சி.

உத்தேசமாக ஒன்றைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கோமதி மேடமும் அதைத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை மைனி. நான் செத்த பிறகு உங்களையும் பிள்ளையையும் கவுண்டரில் நிற்க வைத்து, ஃபாரத்தில் ஒரு வயசு, ஆதார் கார்டில் ஒரு வயசு, இது நீங்கள்தானா என்று எவனாவது கேட்டால்? செண்பகம் நடந்த மாதிரி நீங்கள் நடக்க வேண்டும். உங்களிடமே கேட்கலாம்தான். உங்களிடம் போய் வயசு கேட்க யாருக்குத் தைரியம் இருக்கிறது? அதோடு ஏன் என்று கேட்பீர்கள். சொன்னால் ஏன் ஜெரால்டு இல்லை என்பீர்கள். என்ன இருந்தாலும் தம்பியை விட்டுக்கொடுக்கமாட்டீர்கள்.

அதனால்தான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தேன். உங்கள் வீட்டுத் தெருவுக்கு வராமல் நேரே கோயில் ஆபீஸுக்குப் போனேன். சிலுவைமுத்து உபதேசியார் இருந்தார். ஜெரால்டு வீட்டுக்காரி என்றதும் ஸ்டூல் எடுத்துப் போட்டார், ஈவாவுக்கு அப்பத்துண்டு கொடுத்தார். பிளாரன்ஸ் மைனியின் ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும் என்றேன்.

மைனி, நான் கோயிலுக்குப் போகிறவள், ஜெபம் சொல்கிறவள், கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். வளர்ந்த ஒருத்தரின் ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் வாங்குவார்கள், மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கிறதற்கு அதுதான் முதல் காகிதம் என்று எனக்கு அந்த நேரம் மண்டையில் ஏறவே இல்லை. என் மண்டையில் அந்தக் கட்டம் மட்டும்தான் இருந்தது.

உபதேசியார் கையெடுத்துக் கும்பிட்டார். "பிளாரன்ஸுக்கா! ஆண்டவரே, கேட்டுட்டீரய்யா! மாப்பிள்ளை எந்தப் பங்கு? நம்ம பக்கமா, வெளியூரா? ஓலை எப்பம் வாசிக்கணும்?"

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சாகப்போகிறேன், அதற்காகப் பேங்குக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்ல? சொன்னால் உபதேசியார் அத்தையிடம் சொல்வார், அத்தை ஜெரால்டிடம் சொல்வார்கள். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன். சிரித்துவிட்டு, இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்" என்றார்.

ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து விரல் வைத்துக் காட்டினார். நாற்பத்திரண்டு முடிந்து மூன்று மாசம். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம். சர்டிபிகேட்டின் அடியில், எதற்காக என்ற இடத்தில், நான் பார்க்கும் முன்னாலேயே 'திருமண நிமித்தம்' என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார்.

புதன்கிழமை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிவதற்குள் உங்கள் பங்கு முழுவதும் தெரிந்துவிட்டது.

அத்தை போனில் அழுதார்கள். "ஏட்டி பிரின்ஸி, எம் வயித்துல பாலை வாத்தட்டி. ஒன்ன என்னென்னமோ சொல்லியிருக்கேன், மனசுல வச்சுக்கிடாத. மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"ஆபரேஷன் முடியட்டும் அத்தை. எல்லாம் சொல்றேன்."

"முடியட்டும் முடியட்டும். நான் அவசரப்படுத்தல."

சாயங்காலம் மறுபடி போன். "ரெண்டாந்தாரமாட்டி? இருந்தா இருக்கட்டும். நான் ஒண்ணும் நெனைக்கல." மறுநாள் காலையில், "பிள்ளைக இருக்கா? ஒண்ணு ரெண்டுன்னா என்ன, வளத்துட்டுப் போறா." அதற்கடுத்த நாள், "குடிச்சாலும் அளவாக் குடிக்கிறவர்தானே?" இல்லாத அந்த ஆளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை மைனி. அத்தையே அவருக்கு ஒவ்வொரு குறையாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக மன்னித்துக்கொண்டு வந்தார்கள். உங்கள் தம்பி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். "எங்கிட்டக்கூடச் சொல்லாமச் செஞ்சிட்டியேட்டி" என்றார். மறுநாளே ஷோரூமில் கல்யாண அட்வான்ஸ் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த மனுஷன் கையில் எப்படி எஃப்.டி.யைக் கொடுக்க, நீங்களே சொல்லுங்கள்.

அத்தை இன்னொன்றும் சொன்னார்கள். "அவ வாயே தொறக்கல. ஆனா நேத்துப் போயிக் கண்ணாடிக்கு புது ஃபிரேம் போட்டுட்டு வந்துருக்கா. யாரும் சொல்லல, அவளாப் போயிப் போட்டுருக்கா." எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழையது ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. எப்படியோ மாற்றினீர்களே.

அதன் பிறகுதான் நீங்களே கூப்பிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரம். பின்னால் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் கேட்டது. உங்கள் பேரைப் போனில் பார்த்ததும் அடுப்பை அணைத்தேன். நீங்களாக என்னைக் கூப்பிட்டது நாலு வருஷத்தில் அது இரண்டாம் தடவை.

"பிரின்ஸி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவருக்கு என் சரியான வயசு தெரியுமா?"

நான் ஈவாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.

"அம்மா சொல்லுத வயசச் சொல்லியிருந்தா வேண்டாம். இப்பமே சொல்லிரு. பின்னால தெரிஞ்சு ஒரு ஆளு மூஞ்சியத் திருப்புறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"தெரியும் மைனி," என்றேன்.

"நாப்பத்தி ரெண்டுன்னா?"

"நாப்பத்தி ரெண்டுன்னு தெரியும்."

"பரவால்லன்னாரா?"

"பரவால்லன்னாங்க."

மெஷின் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கேட்டதே இல்லை, ஈவா சிரிக்கிற மாதிரி மூக்கால் சிரிக்கிறீர்கள். பிறகு, "ஒன் ஆபரேஷனுக்கு மூணு நாள் லீவு போட்டுருக்கேன். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். நீ ஒண்ணுக்கும் பயப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

இது பொய். சுத்தமான பொய். உபதேசியாரிடம் சும்மா இருந்தேன், அத்தையிடம் மழுப்பினேன், அதையெல்லாம் ஏதோ சமாளித்துச் சொல்லிக்கொள்ளலாம். இதைச் சொல்ல முடியாது. நீங்கள் ஒரு நேரான கேள்வி கேட்டீர்கள். நான் உங்களிடம் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. லீவு ரத்தாகிவிடுமோ என்று பயந்தா? இல்லை. அப்போது நீங்கள் லீவைப் பற்றிச் சொல்லவே இல்லை. உங்கள் குரல் அப்படி இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

மறுநாள் காலையில் ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொள்பவர் பிளாரன்ஸ், வயது நாற்பத்திரண்டு. கோமதி மேடம் பார்த்துவிட்டு, "அக்காவா?" என்றார். "வீட்டுக்காரரோட அக்கா" என்றேன். நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்தார். "நாத்தனாரையா போட்டுருக்கீங்க?" என்றார். இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். முத்திரை குத்திய ரசீது இந்தக் காகிதத்தோடு இருக்கிறது. சர்டிபிகேட்டும் இருக்கிறது. அதில் உபதேசியார் எழுதினதை நான் அடிக்கவில்லை. அரசாங்கக் காகிதமோ கோயில் காகிதமோ, அடித்தல் திருத்தல் கூடாது என்பார்கள்.

இதை எப்போது உங்களிடம் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசித்தேன். நான் செத்துப்போனால் உங்களிடம் சேர்கிற மாதிரி டப்பாவில் வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அப்போது நீங்கள் என்மேல் கோபப்படமாட்டீர்கள். செத்தவளை யார் திட்டுவார்கள்? பிறகுதான் உறைத்தது, டாக்டர் சொன்ன மாதிரி நான் பிழைத்துவிட்டால்? மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, அத்தை மாப்பிள்ளை பேரைக் கேட்டு, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக் காய் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்து நின்றால்? மைனி, இத்தனை நாள் சாவை நினைத்துத்தான் எனக்குத் தூக்கமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக, பிழைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு இப்படித் தோன்றலாமா? அப்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் நீங்கள் வந்துவிடுவீர்கள். என்னைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். ஜெரால்டு மருந்துக் கடையில் நிற்கிற நேரமாகப் பார்த்துக் கொடுப்பேன். அவர் முன்னால் பிரிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால், இந்தப் பெரிய ஆள் பேரை மாற்றவும் ஃபாரம் இருக்கிறதாம், கேட்டுவிட்டேன். ஆனால் அதில் நான் மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். அதனால் நாளைக்கு ஒரு நாள் மட்டும் உங்களுக்கு வேறு வழியில்லை. ஒரே ஒரு நாள் எனக்காக அந்தக் கட்டத்தில் இருங்கள்.

அத்தையிடம் நானே சொல்கிறேன். உங்கள் தம்பியிடமும் நானே சொல்கிறேன். பிரின்ஸிதான் கிறுக்குத்தனம் பண்ணினாள் என்று ஊரில் சொல்லுங்கள், உபதேசியாரிடமும் சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தை மறுக்கமாட்டேன்.

ஈவா ஏழு மணிக்கு எழுந்திருப்பாள். எழுந்ததும் பால் கேட்கமாட்டாள், மடியில் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டும் அவளுக்கு. பிறகு கஞ்சி. இதைப் படிக்கும்போது அவள் உங்கள் மடியில்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன். காகிதத்தைப் பிடுங்குவாள், கொடுத்துவிடாதீர்கள்.

நான் கண் திறக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், கிட்ட வந்து உட்காருங்கள் மைனி. தொண்டையில் தையல் இருக்கும். இரண்டு நாள் வாயைத் திறந்து ஒரு சொல் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் நீங்கள் பேசுங்கள்.